முட்டி வலிக்குதுன்னு யார்கிட்ட சொல்றது?

அண்ணே வணக்கம்,

திருமங்கலத்துல ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன். மூணு வருஷமா ஒரு புட்பால் டீம் நடத்துறேன். 22 பயலுக, பாதிப்பேரு காலேஜ், மீதி வேலைக்குப் போறவய்ங்க. ஜெர்சி, பூட்ஸ், டோர்னமென்டுக்கு வேன் வாடகை எல்லாம் என் கைக்காசு. கோச்சா இருந்தவரு சென்னையில வேலை கிடைச்சுப் போயிட்டாரு. இனி நானே கோச் பண்ணலாம்னு இருக்கேன், நானும் காலேஜ்ல வெளாண்டவன்தான். ஓனரே கோச்சா இருக்கக் கூடாதுடாங்கிறான் என் பிரண்டு. அமெரிக்காவுல ஜார்ஜ் ஹாலஸ்னு ஒருத்தர் ஓனராவும் இருந்து 40 சீசன் கோச்சாவும் இருந்திருக்காரே? லைசன்ஸ் இல்லாம பண்ணலாமா? ஆளுகள 4-3-3ன்னு நிறுத்துனா சரியா வருமா? பயலுக என்னை அப்பா மாதிரிதான் பாக்குறாய்ங்க, நான் சொன்னா எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டாய்ங்க, அது பலம்தானே? ஒருத்தன் மட்டும்தான் சரியில்ல. லெப்ட் விங் ஆடுறவன், அவனுக்கு காலேஜ் பீஸே நான்தான் கட்டுறேன். மூணு வாரமா சோம்பேறியாயிட்டான். நேரா ஓடுறான், வெட்டித் திரும்பச் சொன்னா நின்னுடுறான். கேட்டா ஒண்ணுமில்லண்ணேங்கிறான். கண்டிப்பு காட்டுனா சரியாயிருவான்னு நெனைக்கிறேன்.

பேர் போட வேணாம்ணே.

*

தம்பி,

சொந்தக் காசைப் போட்டு 22 பயலுகள சாயங்காலத்துல ஒரு கிரவுண்டுல நிறுத்தி வச்சிருக்கீங்களே, அதுக்கு மொதல்ல உங்க கையப் பிடிச்சுக்கிறேன். மதுரைப் பக்கம்னா கபடி, ஜல்லிக்கட்டு, அதோட முடிஞ்சுச்சுன்னு நெனைக்கிறாய்ங்க. மதுரை டீமான சேது எப்.சி. பொண்ணுக 2019ல இந்தியன் விமன்ஸ் லீக் கப்பைத் தூக்கிட்டு வந்தாங்க, அது இங்கயே எத்தன பேருக்குத் தெரியும்? உங்கள மாதிரி ஆளுக இருக்கப் போயிதான் இந்த ஆட்டம் இங்க உசிரோட இருக்கு.

ஆனா உங்க லெட்டரோட கடைசி நாலு வரியப் படிச்சிட்டு எனக்கு ராத்திரி தூக்கம் வரல. போன வாரம்தான் வண்டியூர் தெப்பக்குளத்துக்கிட்ட குருவியப் பாத்துட்டு வந்தேன். படியில இறங்கி உக்காருவோமான்னேன், மேலயே இருப்போம்டான்னு சுவத்துல சாஞ்சு நின்னுட்டான். 50 வயசு தாண்டுன மனுசன், ஆறு படி இறங்குறதுக்கு யோசிக்கிறான். குருவி யாருன்னு அப்புறம் சொல்றேன்.

லைசன்ஸ் விஷயமெல்லாம் பெருசு பண்ணாதீங்க, நம்ம ஊர் டோர்னமென்டுல யாரும் கேக்கப் போறதில்ல, ஆர்வம் இருந்தா டி லைசன்ஸ் கோர்ஸ் போயிட்டு வாங்க, நல்லதுதான். 4-3-3யோ 4-4-2வோ, மூச்சு முட்டாம ஓடுற பதினோரு பேர் இருந்தா எல்லாம் சரியா வரும்.

ஹாலஸ் கதைய பாதிதான் படிச்சிருக்கீங்க. அது கால்ல ஆடுற பந்து இல்ல, அவங்க ஊரு புட்பால், கையில தூக்கிட்டு ஓடுறது, இருந்தாலும் பரவால்ல, உதாரணம் நல்ல உதாரணம்தான். அந்த மனுசன் மொதல்ல முதலாளி கிடையாது. 1920ல ஒரு ஸ்டார்ச் கம்பெனி டீமுக்கு ஆட்டக்காரனாவும் கோச்சாவும் வேலைக்குப் போனவரு. அடுத்த வருஷம் அந்தக் கம்பெனி முதலாளி, என்னால நடத்த முடியலப்பா, நீயே வச்சுக்கன்னு 5,000 டாலரும் குடுத்து டீமைக் கையில குடுத்துட்டாரு. அதுதான் பின்னாடி சிகாகோ பேர்ஸ். அந்த 40 சீசனும் ஒரே மூச்சுல இல்ல, நாலு தவணை, நடுவுல மூணு தடவை கோச் வேலைய விட்டு ஒதுங்கிருக்காரு. மொத தடவை ஏன் ஒதுங்குனாருன்னு பாருங்க. அவரும் பார்ட்னர் ஸ்டெர்னமனும் ரெண்டு பேரும் ஓனர், ரெண்டு பேரும் கோச், ஆளுக்கு ஒண்ணு சொல்லி டீமு இழுபறியாகி, 1930ல ரால்ப் ஜோன்ஸ்னு வெளியாள் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து விட்டாய்ங்க. அவரு 1932ல சாம்பியன் ஆக்கிக் குடுத்துட்டாரு. உங்க ஹாலஸே ஒதுங்கி நின்னு ஜெயிச்ச கப்பு அது.

ஓனர் கோச்சானா ஜெயிக்கவே முடியாதுன்னு நான் சொல்ல மாட்டேன், அது பொய். இங்கிலாந்துல ரான் நோட்ஸ்னு ஒருத்தர் 1998ல பிரென்ட்போர்டு கிளப்பை வாங்கி தன்னையே மேனேஜராப் போட்டுக்கிட்டாரு, மொத சீசன்லயே அந்த டிவிஷன் சாம்பியன். 2000 நவம்பர்ல எப்.ஏ. கப்புல அவங்களவிட கீழ்மட்டத்து டீம் கிங்ஸ்டோனியன்கிட்ட தோத்ததும் அவரே மேனேஜர் வேலைய விட்டுட்டாரு. அவருக்கு அந்த மனசு இருந்துச்சு. இல்லாம இருந்திருந்தா? அவரைப் போய்யான்னு சொல்ல அந்தக் கிளப்புல ஆள் ஏது?

தென் அமெரிக்காவுல சுரினாம்னு ஒரு நாடு, அங்க நடந்தது இன்னும் மோசம். 2021 செப்டம்பர்ல, ரோனி பிரன்ஸ்விக், அப்ப அந்த நாட்டுத் துணை ஜனாதிபதி, அவரே கிளப்புக்கு ஓனர், 60 வயசுல கேப்டன் பட்டையக் கட்டிக்கிட்டு ஹோண்டுராஸ் டீம் ஒலிம்பியாவுக்கு எதிரா சர்வதேச மேட்சுல இறங்கிட்டாரு. 54 நிமிஷம் கிரவுண்டுல இருந்தாரு, மேட்சு 6-0ன்னு தோல்வி. முடிஞ்சதும் எதிர் டீம் டிரெஸ்ஸிங் ரூம்ல போய் காசு குடுத்தாரு, அது வீடியோவா வெளிய வந்து ரெண்டு டீமையும் போட்டியிலேருந்து தூக்கி, அவருக்கு மூணு வருஷம் தடை. ஜனங்க அந்தக் காசைப் பத்தித்தான் பேசுனாய்ங்க. எனக்கு வயித்தக் கலக்குனது அந்த 54 நிமிஷம்தான். அன்னைக்கு பெஞ்சில ஒரு 20 வயசுப் பய உக்காந்திருப்பான்ல, அந்த எடம் அவனோடது. அதக் கேக்கத் தெம்பிருக்கிற ஒரு ஆள் அந்த டீம்ல இல்ல.

சரி, குருவி.

1986 உலகக்கோப்பை பைனல் தூர்தர்ஷன்ல ராத்திரி பதினொன்றரைக்கு ஆரம்பிச்சுச்சு. எங்க பெரியப்பா வீட்டு டிவி முன்னாடி தெருவே உக்காந்திருந்தோம். ஜெர்மனிக்காரன் ரெண்டு கோல் போட்டு 2-2 ஆக்குனதும் கூட்டம் செத்துப் போச்சு, அப்புறம் மாரடோனா தட்டிவிட்ட பந்தை புருச்சாகா தனியா கொண்டுபோய் உள்ள போட்டான் பாருங்க, பெரியப்பா வேட்டி அவுந்தது தெரியாம எந்திரிச்சு கத்துனாரு. யானைக்கல்லுல வாழைக்காய் கமிஷன் மண்டி அவருக்கு. அடுத்த மாசமே டீம் ஆரம்பிச்சிட்டாரு. வைகை ஆத்து மணல்ல பிராக்டிஸ், கோச்சுக்கு பள்ளிக்கூடத்துல ரிட்டயரான ஒரு டிரில் மாஸ்டர். நல்லா நடந்துச்சு தம்பி, ரெண்டு வருஷம் ரொம்ப நல்லா நடந்துச்சு. மாஸ்டர் தினமும் ஓட விடுறதுக்கு முன்னாடி வரிசையா நிக்க வச்சு ஒவ்வொருத்தனையும் உக்காந்து எந்திரிக்கச் சொல்லுவாரு. எவன் மூஞ்சி சுளிக்கிறான்னு மட்டும் பாப்பாரு. சுளிச்சவன் அன்னைக்கு கரையில உக்காரணும், கெஞ்சுனாலும் விட மாட்டாரு. மாஸ்டர் திட்டுனா நாங்க பெரியப்பாகிட்ட போய் அழுவோம். பெரியப்பா ஏதாச்சும் சொன்னா மாஸ்டர்கிட்ட போய் புலம்புவோம்.

ஒரு மேட்சுல பெரியப்பா சொன்ன பையனை மாஸ்டர் இறக்கல. ரெண்டு பேருக்கும் வாக்குவாதம் ஆகி மாஸ்டர் விசிலைக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. மறுநாள் அந்த விசில் பெரியப்பா கழுத்துல.

குருவி எங்க ரைட் அவுட், வலது ஓரத்துல ஓடி ஆடுறவன். அவ்வளவு சின்ன ஆளு, அவ்வளவு வேகம். அவங்க அப்பா எங்க மண்டியில வாழைத்தார் சுமக்குறவர். குருவிக்குப் பூட்ஸ் பெரியப்பா வாங்கிக் குடுத்தது, பள்ளிக்கூடச் சம்பளம் பெரியப்பா கட்டுனது. மாஸ்டர் இருந்த வரைக்கும் அவன் கோச்சை சார்னு கூப்பிட்டான். பெரியப்பா கோச்சானதும் என்னன்னு கூப்பிடுவான்? முதலாளின்னுதான். ஆத்து மணல்ல ஒரு நாள் வெட்டித் திரும்பும்போது அவன் முட்டியில டொக்குன்னு ஒரு சத்தம், பக்கத்துல ஓடுன எனக்கே கேட்டுச்சு. ராத்திரிக்குள்ள முட்டி தேங்கா மாதிரி வீங்கிருச்சு. நாட்டு வைத்தியர்கிட்ட எண்ணெய்க் கட்டு போட்டுட்டு நாலு நாள்ல வந்துட்டான். நேரா ஓட வருது, திரும்புனா முட்டி நழுவுதுடான்னு என்கிட்ட மட்டும் சொன்னான். முதலாளிகிட்ட சொல்லிராத, அப்பாவுக்கு மண்டியில சங்கடமாயிரும்னான்.

செமி பைனலுக்கு முன்னாடி பெரியப்பா எல்லாரையும் நிக்க வச்சு, யாருக்கும் எதுவும் இல்லையேடான்னு பாசமாத்தான் கேட்டாரு. குருவி சொன்னான், ஒண்ணுமில்லைங்க முதலாளின்னு. நான் பக்கத்துல நின்னேன். நானும் வாயத் தொறக்கல, என் பீஸும் அவரு கட்டுனதுதான். 20 நிமிஷம் ஆடுனான். அப்புறம் நாலு பேரு தூக்கிட்டு வந்தோம்.

முட்டியில குறுக்க ஓடுற ஜவ்வு, ஏ.சி.எல்.னு இப்ப எல்லாருக்கும் பேரு தெரியும், அது கிழிஞ்சா அப்படித்தான் இருக்கும். சத்தம் கேக்கும், சில மணி நேரத்துல வீங்கும், சில வாரத்துல வீக்கம் வத்தி நேரா நடக்கலாம், ஓடக்கூட செய்யலாம். ஆளுக்குச் சரியாப் போச்சுன்னே தோணும். திரும்பும்போதுதான் கால் வாரிவிடும். அந்தக் காலோட ஆட ஆட உள்ள மெத்தை மாதிரி இருக்கிற இன்னொரு ஜவ்வும் நஞ்சு போகும். குருவிக்கு ரெண்டும் போச்சு. அன்னைக்கு எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. மாஸ்டருக்கும் பேரு தெரிஞ்சிருக்காது, ஆனா உக்காந்து எந்திரின்னு சொல்லிருப்பாரு, அவன் மூஞ்சியப் பாத்திருப்பாரு, கரையில உக்கார வச்சிருப்பாரு. அம்புட்டுதான் வேண்டியிருந்துச்சு.

பெரியப்பா கெட்டவர் இல்ல தம்பி. விஷயம் தெரிஞ்சதும் மண்டியப் பூட்டிட்டு குருவி வீட்டுத் திண்ணையில போய் உக்காந்து அழுதவரு. ஏன்டா என்கிட்ட சொல்லலன்னு சாகுற வரைக்கும் அவன்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தாரு. அவரு பாடைக்கு ஒரு பக்கம் தோள் குடுத்தவன் குருவி, அந்தக் காலோட, தத்தனேரி வரைக்கும்.

இப்ப உங்க வரிக்கு வாரேன். "எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டாய்ங்க, அது பலம்தானே?" என்ன பேச்சு இது? அதத்தான் பலம்னு எழுதியிருக்கீங்க! பேச மாட்டாய்ங்கன்னா பேச முடியலன்னு அர்த்தம். பூட்ஸு நீங்க, பீஸு நீங்க, வேன் நீங்க, இதுல விசிலும் நீங்களே ஊதுனா அந்தப் பய எந்த வாயால முட்டி வலிக்குதும்பான்? வலிக்குதுன்னு சொன்னா வாங்குன பூட்ஸுக்குத் துரோகம் பண்ற மாதிரி இருக்கும் அவனுக்கு. அப்பா மாதிரின்னு வேற சொல்றீங்க. சரி, நீங்க உங்க அப்பாகிட்ட எத்தன தடவை வலிக்குதுன்னு சொல்லிருக்கீங்க? அம்மாகிட்ட சொல்லி, அம்மா அவருகிட்ட சொல்லி, அப்படித்தானே நம்ம வீட்டுல எல்லாம் நடந்துச்சு? வீட்டுக்கே ரெண்டு பேரு வேண்டியிருக்கு. மீனாட்சி கோயிலுக்கு நாலு பக்கமும் வாசல் வச்சிருக்கிற ஊருக்காரவய்ங்க நாம, நீங்க ஒரு டீமுக்கு ஒரே வாசல் வச்சு அதுலயும் நீங்களே நிக்கப் பாக்குறீங்க.

உங்களுக்கு ஆட்டம் தெரியாதுன்னு நான் சொல்லல. என்னைவிட நல்லாவே தெரிஞ்சிருக்கும். அது பிரச்சினையே இல்ல. காசு குடுக்காத ஒருத்தர் அந்தப் பயலுகளுக்கு வேணும், உங்களையும் எதுத்துப் பேசுற ஒருத்தர். உங்க பக்கத்துலயே ரிட்டயரான பி.டி. மாஸ்டர் யாராச்சும் இருப்பாரு, ரயில்வேக்கோ போலீஸுக்கோ ஆடுன ஆளு இருப்பாரு, மாசம் ஒரு தொகை பேசி விடுங்க. அவரு ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும். நீங்க கோட்டுக்கு வெளிய நின்னு கத்துங்க, உங்க காசு, ஆசை தீரக் கத்துங்க.

அதெல்லாம் ஒரு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம். மொதல்ல அந்த லெப்ட் விங் பையன். நேரா ஓடுறான், திரும்பச் சொன்னா நின்னுடுறான்னு நீங்களே எழுதிட்டு, அடுத்த வரியில சோம்பேறிங்கிறீங்களே, எப்படிய்யா மனசு வந்துச்சு உங்களுக்கு? ஒருவேளை ஒண்ணுமில்லாமயே இருக்கலாம், இருக்கட்டும். இன்னைக்கே அவனை கிரவுண்டுக்கு வரவேண்டாம்னு சொல்லுங்க, கோவமா இல்ல, மெதுவா. நீங்க போய் முட்டி வலிக்குதான்னு கேக்காதீங்க, உங்ககிட்ட இல்லைன்னுதான் சொல்லுவான். அவன் கூட்டாளி எவனையாச்சும், இல்ல உங்க வீட்டம்மாவைக் கேக்கச் சொல்லுங்க. நாளைக்குக் காலையில பெரியாஸ்பத்திரி ஆர்த்தோ ஓ.பி.க்கு அனுப்புங்க, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னா எடுத்துருங்க. அவங்க அம்மாவைக் கூட அனுப்புங்க, நீங்க போகாதீங்க. பீஸு எப்பவும் போலக் கட்டுவேன், ஆடுனாலும் ஆடாட்டியும் கட்டுவேன்னு அந்தம்மாகிட்ட மொதல்லயே சொல்லிருங்க.

ரிப்போர்ட் வந்ததும் என்னன்னு ஒரு வரி எழுதுங்க. குருவியும் கேட்டான், அந்தத் திருமங்கலத்துப் பயலுக்கு எந்தக் கால்னு.