தொனி மாறினால் பொருள் மாறுமா?

கேள்வி: சீனர்களின் மாண்டரின் மொழியில் தொனி, அதாவது ஓர் அசையைச் சொல்லும்போது குரல் ஏறி இறங்கும் விதம், மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும் என்கிறார்கள். ஆனால் ‘நீ ஹாவ்’ என்னும் முகமனில், பாடநூல் மூன்றாம் தொனி என்று காட்டும் ‘நீ’யைச் சீனர்கள் இரண்டாம் தொனியில் சொல்கிறார்கள். அப்போது பொருள் மாறாதா?

பதில்: மாறாது, ஆனால், நீங்கள் கேள்விப்பட்டது சரியே. தாழ்ந்து எழும் மூன்றாம் தொனியில் ‘மாய்’ என்றால் வாங்குதல், சட்டென இறங்கும் நான்காம் தொனியில் சொன்னால் விற்றல். இது அகராதியிலேயே உள்ள பொருள் வேறுபாடு. ‘நீ ஹாவ்’ வேறு வகை: மூன்றாம் தொனிகள் இரண்டு அடுத்தடுத்து வரும்போது, முதலாவது மேலேறும் இரண்டாம் தொனியாகத் திரிகிறது. நம் புணர்ச்சியில் ‘மரம்’ என்பது ‘மரங்கள்’ ஆகும்போது மகரம் திரிந்தாலும் மரம் மரமாகவே இருப்பதைப் போன்றதுதான் இது. அதனால்தான் சீன ஒலிப்பை ரோமன் எழுத்துகளில் எழுதும் பின்யின் முறையும் பெரும்பாலும் மூலத் தொனியையே குறிக்கிறது.

ஆனாலும், அரிதாகக் குழப்பம் நேரும். மூன்றாம் தொனியில் ‘மா’ என்றால் குதிரை (பழந்தமிழிலும் ‘மா’ குதிரையே என்பது இனிய தற்செயல்). இரண்டாம் தொனியில் ‘மாய்’ என்றால் புதைத்தல். ‘குதிரை வாங்கு’ என்னும் ‘மாய் மா’, இந்தத் திரிபினால் ‘குதிரையைப் புதை’ என்பதைப் போலவே ஒலிக்கும். எது என்பதைப் பேச்சின் சூழலே சொல்லும்.

நீங்கள் மேலும் கவனிக்க வேண்டியது தொனி மங்கும் இடத்தை. ‘தோங் ஷி’யின் இரண்டு அசைகளையும் உயர்ந்த சமநிலைத் தொனியில் நிறுத்திச் சொன்னால் கிழக்கும் மேற்கும், இரண்டாம் அசையைத் தொனியின்றி மெல்ல விட்டால், கடையில் வாங்கும் பொருள்.