நிழலின் கணக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கீழ்ப்பழனி மலையின் நிழல் மரங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்குச் சொந்த ஊர் பண்ணைக்காட்டுப் பக்கம். சென்னையில் மென்பொருள் வேலை. அப்பா நாலு ஏக்கரில் காபியும் மிளகும் கொஞ்சம் மலைவாழையும் வைத்திருக்கிறார். மேலே சில்வர் ஓக், பலா, முள்முருங்கை.

மரமும் பயிரும் சேர்ந்து வளரும் நிலத்தில் விளைச்சலைக் கணிக்கும் மாடல்களைப் பற்றி வாசித்து, யீல்ட்-சேஃப் என்ற மாடலை எக்செலில் போட்டுப் பார்த்தேன். சில்வர் ஓக்கைப் பாதியாகக் குறைத்தால் காபி 40 சதவீதம் கூடும் என்று வருகிறது. அப்பாவிடம் காட்டினேன். "மரத்த வெட்டிட்டு உன் கம்ப்யூட்டர நட்டு வையி, நிழல் குடுக்குதான்னு பாப்போம்" என்றார். இந்த மாடல்கள் நம் மலைக்கு உதவுமா? அட்டவணையை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம், அப்பா உங்கள் தளத்தைப் படிப்பவர்.

(பண்ணைக்காட்டு வாசகர்)

*

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் நேரத்தை வீணாக்கவில்லை.

யீல்ட்-சேஃப் 2007-ல் வெளிவந்தது, ஐரோப்பிய ஆராய்ச்சித் திட்டம் ஒன்றின் விளைவு. மொத்தம் ஏழு சமன்பாடுகள்தான். மரத்தின் எடை, மரத்தின் இலைப்பரப்பு, கிளைகளின் எண்ணிக்கை, பயிரின் எடை, பயிரின் இலைப்பரப்பு, மண்ணின் ஈரம், வெப்பக் கூட்டுத்தொகை (நாள்தோறும் சேர்ந்துகொண்டே வரும் வெப்பத்தின் கணக்கு). இதை வைத்துக்கொண்டு நாள்தோறும் வெயிலையும் தண்ணீரையும் மரத்துக்கும் பயிருக்கும் பங்கு போடும். எளிமைதான் அதன் அழகு. ஆனால் பாப்லர் மர வரிசைகளுக்கு நடுவே கோதுமை விதைக்கிற ஊரில் பிறந்த மாடல் அது. கோதுமைக்குக் கிடைத்த வெயிலைக் கூட்டிக்கொண்டே போனால் அறுவடை வந்துவிடும். காபி அப்படிப்பட்ட செடி இல்லை.

எத்தியோப்பிய மலைக்காட்டில் பெரிய மரங்களின் அடியில் வளர்ந்த செடி நம் அராபிகா காபி. முழு வெயிலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே அதன் இலைக்குப் போதும், அதற்கு மேல் கொட்டினால் இலைக்கு வாங்கத் தெரியாது. ஆனால் பூமொட்டின் கணக்கு வேறு. வெளிச்சம் கூடினால் கணுவுக்குக் கணு மொட்டு கூடும். ஆக நிழலைக் குறைத்தால் காபி கூடும் என்று உங்கள் எக்செல் சொன்னது பொய்யில்லை. எத்தனை வருஷத்துக்கு என்பதைத்தான் அது சொல்லவில்லை.

எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது கஜா. 2018 நவம்பர் 16 அன்று புயல் வேதாரண்யத்தில் கரையேறி, நம் மலையையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். என் தோட்டத்தின் வடக்கு மூலையில் அரை ஏக்கருக்கு ஒரு மரம் மிஞ்சவில்லை. கையில் பணமில்லாததால் அந்த மூலையை அப்படியே விட்டுவிட்டேன். 2019-ல் அங்கே காபி எப்போதும் போலத்தான் காய்த்தது. அந்த வருஷம் பூத்த கிளை முந்தின வருஷ நிழலில் வளர்ந்த கிளை, அதனால்தான். 2020-ல் பாருங்கள், கிளை தெரியாமல் காய்! பறிக்க வந்தவர்கள் மற்ற மூலைகளுக்குப் போகவே மாட்டேன் என்றார்கள். மீதி மரத்தையும் வெட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அடுத்த வருஷம் அதே செடிகளின் கிளைகள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தன. சக்திக்கு மீறிக் காய்த்த செடி அப்படித்தான் பழிவாங்கும். கூடவே தண்டு துளைப்பான். வெயில் படும் தண்டில்தான் அந்த வண்டு விரும்பி முட்டை வைக்கும். தண்டில் வளையம் வளையமாக மேடு தட்டி, இலை மஞ்சளாகி வாடிய செடிகளை வேரோடு பிடுங்கி எரித்தோம். 2022-ல் அங்கே மறுபடி முள்முருங்கைக் கம்பு நட்டேன். 2020-ல் மட்டும் யாராவது அந்த மூலையை அளந்திருந்தால் உங்கள் 40 சதவீதத்தை ஆமோதித்திருப்பார்கள்.

இதிலேயே இன்னொரு சங்கதியும் ஒளிந்திருக்கிறது. உங்கள் அட்டவணையில் 'நிலச் சமான விகிதம்' என்று ஒரு பத்தி இருக்கிறது. கலப்பில் கிடைத்த காபியைத் தனிக் காபியின் விளைச்சலால் வகுக்கிறோம், மிளகை அதே போலத் தனி மிளகால் வகுக்கிறோம், இரண்டையும் கூட்டுகிறோம். முக்கால் கூட்டல் அரை என்றால் 1.25. அதாவது தனித்தனியாக ஒன்றேகால் ஏக்கரில் எடுப்பதை ஒரு ஏக்கரில் எடுக்கிறோம். நல்ல அளவுகோல்தான். ஆனால் வகுக்கும் எண்ணுக்கு எங்கே போவது? தாண்டிக்குடியிலிருந்து பெரும்பாறை வரை மரமே இல்லாத அராபிகாத் தோட்டம் ஒன்றை நான் பார்த்ததில்லை. உங்கள் அட்டவணையில் 'தனிக் காபி' என்று இருக்கும் எண் வேறு ஏதோ நாட்டிலிருந்து வந்த எண். என் வடக்கு மூலையையே எடுத்துக்கொண்டாலும், 2020-ஆல் வகுப்பதா, 2021-ஆல் வகுப்பதா?

மழை விஷயமும் அப்படித்தான். மாடல் மழையை மண்ணின் ஈரமாக மட்டும் பார்க்கிறது. நமக்கோ மார்ச், ஏப்ரலில் ஒரு அங்குலம் ஒரே மூச்சில் பெய்ய வேண்டும், ஒன்பது பத்து நாளில் பூ வெடிக்க வேண்டும். அதே ஒரு அங்குலம் நாலைந்து தூறலாகப் பிரிந்து வந்தால் மண் நனையும், பூ அரைகுறையாகத்தான் வரும்.

இப்போது நிழலுக்கு வருகிறேன். மேலே இருக்கும் மரங்களின் இலைப்பரப்பை 3 என்று போட்டிருக்கிறீர்கள், அதாவது ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே மூன்று சதுர மீட்டர் இலை. அதன்படி உங்கள் காபிக்கு 22 சதவீத வெளிச்சம்தான் போகும். அப்பா இதைக் கேட்டால் சிரிப்பார். நான் ஒரு நாள் இதை அளந்து பார்த்தேன். கருவி எதுவும் இல்லை, சலவைக்குப் போய் வந்த நாலு முழ வேட்டி. அதைப் பிரித்தால் மடிப்புக் கோடுகள் தாமாகவே கட்டம் போட்டிருக்கும், என்னுடையதில் 32 கட்டம். உச்சி வெயிலில் அதைக் காபிச் செடிகளின் தலைமேல் விரித்தேன். தரையில் விரித்தால் காபி இலையின் நிழலும் சேர்ந்துவிடும், அது நமக்கு வேண்டாம். பிறகு பாதிக்கு மேல் வெயில் விழுந்த கட்டங்களை எண்ணினேன். பக்கத்துத் தோட்டக்காரர் வேலியோரம் நின்று, "துணி காயப்போட வேற எடம் கெடைக்கலியா?" என்றார். 32-ல் 11. அதாவது 34 சதவீதம். உங்கள் சூத்திரத்தில் திருப்பிப் போட்டால் இலைப்பரப்பு 2.1 வருகிறது.

மழைக்கு முன்னால் இரண்டு ஆட்கள் அரிவாளோடு ஏறி நாலு நாள் கிளை கழித்தார்கள். அதே இடத்தில் அதே வேட்டி. இந்த முறை 32-ல் 19. இலைப்பரப்பு 1-க்கு வந்துவிட்டது. அட்டவணையில் பத்து வருஷம் அழகாக ஏறிக்கொண்டு போகிற அந்தக் கோடு, தோட்டத்தில் நாலே நாளில் பாதியாக இறங்குகிறது. நம் மலையில் நிழல் என்பது மரத்தின் குணம் இல்லை, வருஷா வருஷம் அப்பா எடுக்கிற முடிவு. உங்கள் மாடலில் வெயிலும் மழையும் உண்டு, மரம் ஏறுகிறவர் இல்லை. கோஸ்டா ரிக்கா, நிகராகுவா காபித் தோட்டங்களுக்கென்றே செய்த காஃப்-2007 என்று ஒரு மாடல் இருக்கிறது. அதில் கிளை கழிப்பதையும் மரம் குறைப்பதையும் நாமே கணக்கில் கொடுக்கலாம். யீல்ட்-சேஃபை விட்டுவிட்டு அதை எடுங்கள்.

சில்வர் ஓக்கின் வேரைப் பற்றி ஒரு வார்த்தை. கென்யாவின் மச்சாகோஸில் அந்த மரத்தையும் மக்காச்சோளத்தையும் சேர்த்து வளர்த்துப் பல வருஷம் அளந்தார்கள். முதல் சில பருவங்களில் பெரிய வித்தியாசம் இல்லை, மரம் பெரிதானதும் மக்காச்சோளம் படுத்துவிட்டது. பிரச்சினை வெளிச்சத்தைவிடத் தண்ணீரில் இருந்தது. அது வறண்ட ஊர், நம் மலை அப்படியில்லை. ஆனாலும் பிப்ரவரியில் உங்கள் தோட்டத்தில் ஓக்கை ஒட்டிய செடிகள் முதலில் வாடுகின்றனவா என்று பாருங்கள். வாடினால் நீங்கள் குறைக்க வேண்டியது கிளையை அல்ல, மரத்தைத்தான். அப்போது உங்கள் எக்செல் வேறொரு காரணத்துக்காகச் சரியாக இருக்கும். வெட்டுவதற்கு முன், மலைப்பகுதி மரங்களுக்கு 1955-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, எந்த மரத்துக்கு அனுமதி வேண்டும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, உதவுமா என்று கேட்டீர்கள். ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று கேட்டால் உதவாது. இந்த வருஷம் கழிக்கலாமா, அடுத்த வருஷம் கழிக்கலாமா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் உதவும். அதற்கு நாலு ஏக்கரையும் ஒன்றாகப் போடாதீர்கள். பலாவின் அடி தனி, ஓக்கின் அடி தனி. கிளை கழித்த தேதி, பூமழை பெய்த தேதி, மூலைக்கு மூலை பறித்த கிலோ, இவற்றை மட்டும் அப்பாவை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் போனில் கேட்டு நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மரத்தில் எந்தக் கிளையை முதலில் காட்டுகிறார், ஏன் அது என்பதையும் அப்படியே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், உங்கள் அட்டவணையின் மூன்றாவது தாளில் ஏக்கருக்கு 4,407 சதுர மீட்டர் என்று அடித்திருக்கிறீர்கள். 4,047 என்று இருக்க வேண்டும். ஏக்கர் விளைச்சல் எல்லாம் ஒன்பது சதவீதம் கூடித் தெரிவது அதனால்தான்.

அன்புடன்.