கழற்றி மாட்ட எளிதான பேனல் பெட்டியை எப்படி வடிவமைப்பது?

கேள்வி கேட்டவர் கல்லூரி மாணவர் போலிருக்கிறது. மோட்டார், சென்சார் எல்லாம் உள்ள சின்ன அமைப்பு ஒன்றுக்கு ஒயரிங் பெட்டியை மாட்யூல் மாட்யூலாகப் பிரித்து, பழுது பார்க்கச் சுலபமாக எப்படிச் செய்வது, எந்தப் பெட்டி வாங்குவது, 3டி பிரிண்டரில் பெட்டியை அடித்துக்கொள்ளலாமா என்று மூன்று விஷயம் கேட்டிருக்கிறார். நான் அம்பத்தூரில் பேனல் போர்டு கட்டித் தரும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஏழெட்டு வருடம் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக, அடுத்தவர் கட்டிய பெட்டிகளைத் திறந்து வைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நான் கட்டியதை வேறு யாரோ திட்டிக்கொண்டிருப்பார்கள்.

வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடி. ஒரு போர் மோட்டார், சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற இரண்டு மோட்டார். மே மாதம், ராத்திரி ஒன்பது மணிக்கு அழைத்தார்கள். மூன்று மோட்டாருக்கும் சேர்த்து ஒரே தகரப் பெட்டி. திறந்ததும் இடியாப்பம் மாதிரி ஒயர். எல்லாமே கறுப்பு, இல்லையென்றால் சிவப்பு. இணைப்புகள் எல்லாம் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியவை. அந்த வெயிலில் டேப்பின் பசை உருகிக் கையில் ஒட்டியது. கெட்டுப்போனது ஒரு கான்டாக்டர் (மோட்டாரை ஓட்டி நிறுத்தும் காந்த சுவிட்ச்) காயில், அவ்வளவுதான். மாற்றப் பத்து நிமிடம் போதும். எந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கத்தான் இரண்டரை மணி நேரம். அவசரத்தில் போர் மோட்டாரின் இரண்டு ஃபேஸை மாற்றிக் கொடுத்துவிட்டேன். மோட்டார் தலைகீழாகச் சுற்றி, குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. மறுபடி கழற்றினேன். வாட்ச்மேன் தாத்தா டார்ச் பிடித்தபடி, “இதைக் கட்டினவனுக்கே தெரியாது சார், இந்த ஒயரு எங்க போவுதுன்னு” என்றார்.

அந்தப் பெட்டியைப் பிறகு நான்தான் புதிதாகக் கட்டினேன். அதை வைத்தே சொல்கிறேன்.

பெட்டி வாங்கப் போவதற்கு முன்னால் உட்கார்ந்து, எது முதலில் கெட்டுப்போகும் என்று எழுதுங்கள். தண்ணீர் மோட்டார் என்றால் கெபாசிட்டர், கான்டாக்டர், ஃப்ளோட் சுவிட்ச். எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) கெடுவது அபூர்வம். கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் உலோகப் பட்டையான பஸ்பார் கெட்டு நான் பார்த்ததே இல்லை. அடிக்கடி கெடுவதைச் சுற்றித்தான் பிரிக்கும் கோடு போக வேண்டும். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கடையில் கிடைத்த பெட்டியின் அளவைப் பார்த்து, அதில் அடங்கும்படி பொருள்களை அடுக்கிவிடுகிறார்கள்.

வேளச்சேரியில் மூன்று பகுதியாகப் பிரித்தேன். முதலாவது சப்ளை பெட்டி: மொத்த சப்ளையையும் துண்டிக்கும் ஐசொலேட்டர், எம்சிபி, கரண்ட் கசிந்தால் அணைக்கும் ஆர்சிசிபி. இரண்டாவது, ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு பிளேட். கான்டாக்டர், மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோட் ரிலே, தேவையானால் கெபாசிட்டர், எல்லாம் ஒரே இரும்புத் தகட்டில். மூன்றாவது கன்ட்ரோல் பெட்டி: ஃப்ளோட், டைமர், ரிலே, எல்லாமே 24 வோல்ட் டிசி. தண்ணீரில் மிதக்கும் சுவிட்சுக்கு 230 வோல்ட் கொடுக்கும் பழக்கம் இன்னும் நம் ஊரில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 24 வோல்ட் ஒயரையும் 230 வோல்ட் ஒயரையும் ஒரே சேனலில் (ஒயரை உள்ளே ஓட்டும் பிவிசி பாதை) ஓட்டவும் வேண்டாம்.

சம்ப் மோட்டார் இரண்டுக்கும் பிளேட் அச்சு அசலாக ஒன்றுதான். நான்கு ஸ்க்ரூ, மூன்று பிளக். மூன்றாவதாக அதே போல் ஒரு பிளேட் என் பட்டறையில் ஆணியில் தொங்குகிறது. அழைப்பு வந்தால் அதை எடுத்துக்கொண்டு போய், மாட்டிவிட்டு, பழையதைக் கொண்டுவந்து பகலில், மேஜை மேல், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சரி செய்கிறேன். மாட்யூலர் என்றால் எனக்கு இதுதான் அர்த்தம்.

பிளக்கில் ஒரு சறுக்கல் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீல நிற, சிவப்பு நிற இண்டஸ்ட்ரியல் பிளக் பார்த்திருப்பீர்கள். நீலம் 230 வோல்ட்டுக்கு, சிவப்பு 415 வோல்ட்டுக்கு. எர்த் துளை இருக்கும் இடமும் வோல்டேஜுக்கு ஏற்ப மாறுவதால் ஒன்றை இன்னொன்றில் செருக முடியாது. கரண்ட் வரும் பக்கம் எப்போதும் துளையுள்ள சாக்கெட், வாங்கும் பக்கம் முள் என்பது அடிப்படை விதி. இல்லையென்றால் கழற்றிய பிளக்கின் முள்ளில் கரண்ட் நிற்கும். இதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். ஆனால் பிளேட்டுக்குள் வரும் பக்கமும், பிளேட்டிலிருந்து மோட்டாருக்குப் போகும் பக்கமும் ஒரே 16 ஆம்ப் நீல பிளக். ஒரு நாள் பிளேட்டில் ஏதோ கோளாறு. புதிதாக வந்த வாட்ச்மேன் தம்பி புத்திசாலி. பிளேட்டையே விட்டுவிட்டு, மோட்டார் பிளக்கை நேராக சப்ளை சாக்கெட்டில் செருகிவிட்டான். மோட்டார் ஓடியது. ஓவர்லோட் ரிலே, ஃப்ளோட் சுவிட்ச் எதுவும் வழியில் இல்லை. லாரித் தண்ணீர் வருவதற்குள் சம்ப் காலியாகி, மோட்டார் வெறுமனே ஓடி, சீல் போய்விட்டது. அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? பொருந்தும்படி வைத்தது நான்தான். இப்போது சப்ளை பக்கம் 32 ஆம்ப் அளவு, மோட்டார் பக்கம் 16 ஆம்ப் அளவு. பின்னால் இருக்கும் எம்சிபி மோட்டாருக்கும் ஒயருக்கும் ஏற்ற சிறியதுதான். பிளக்கின் உருவம் மட்டும் பெரியது, தப்பாகச் செருக முடியாது. உங்கள் வடிவமைப்பிலும் இரண்டு கனெக்டர் ஒரே மாதிரி இருந்தால், அவற்றை மாற்றிச் செருகினால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு வையுங்கள்.

அதற்காக எல்லாவற்றுக்கும் பிளக் வைக்க வேண்டாம். ஒவ்வொரு பிளக்கும் லூஸ் கனெக்‌ஷன் வர இன்னொரு இடம். இப்போது படித்துவிட்டு வரும் பையன்கள் ஒரு இண்டிகேட்டர் விளக்குக்குக்கூடக் கனெக்டர் போடுகிறார்கள். பத்து வருடத்தில் ஒரு முறை கழற்றுவதற்கு நேரடி டெர்மினலே போதும்.

பெட்டிக்குள் டின் ரயில் (எம்சிபி, கான்டாக்டர் போன்றவற்றை கிளிப் மாதிரி மாட்டும் உலோகப் பட்டை) போடுங்கள். 35 மி.மீ. அகலம், உலகம் முழுவதும் ஒன்றுதான். எம்சிபியின் ஒரு போல் (ஒரு ஒயரைத் துண்டிக்கும் பகுதி) ஏறக்குறைய 18 மி.மீ., ஆகவே 12 போலுக்கு 216 மி.மீ. நீளம் வேண்டும் என்று கணக்குப் போடுவது சுலபம். அதில் கால் பங்கு காலியாக விடுங்கள். வீட்டுக்காரர் காசு மிச்சம் பண்ணச் சொல்வார், கேட்காதீர்கள். ஆறு மாதத்தில் அவரே இன்னொரு மோட்டாரோடு வருவார்.

இப்போது ஒயர் நம்பர். ஒயரின் இரண்டு முனையிலும் ஒரே எண் அச்சடித்த மஞ்சள் ஃபெரூல் வளையம் மாட்டுவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 6 என்ற வளையம் திரும்பிக்கொண்டால் 9. 16 திரும்பினால் 91. அதற்குத்தான் 6, 9 எண்களுக்குக் கீழே கோடு போட்டு அச்சடிப்பார்கள், பார்த்து வாங்குங்கள். நான் 6, 9 வரும் எண்களையே ஒயருக்குக் கொடுப்பதில்லை. கொஞ்சம் கிறுக்குத்தனம்தான், ஆனால் டார்ச் வெளிச்சத்தில் ஒயர் தேடியவன் சிரிக்க மாட்டான். முனையில் வளையத்தைத் தாண்டி ஒரு சாண் ஒயர் அதிகம் விட்டு, சேனலுக்குள் மடித்து வையுங்கள். ஒயர் முனையில் அழுத்தி மாட்டும் உலோகத் துண்டான லக்கை ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஓர் அங்குலம் வெட்டுப்படும்.

இன்னொரு சின்ன விஷயம். கான்டாக்டரின் பெயரை பிவிசி சேனலின் மூடி மேல் ஒட்டுவார்கள், பார்க்க அழகாக இருக்கும். பழுது பார்ப்பவன் முதல் வேலையாக நான்கு மூடியையும் கழற்றித் தரையில் போடுவான். திரும்ப மாட்டும்போது எது எங்கே இருந்தது என்று யாருக்குத் தெரியும்? கே1 என்ற பெயர் இருந்த இடத்தில் கே3 வந்துவிடும். பெயரை, கான்டாக்டர் உட்கார்ந்திருக்கும் பிளேட்டிலேயே ஒட்டுங்கள்.

மல்டி ஸ்ட்ராண்ட் ஒயரின் முனையில் ஈயம் வைத்து ஸ்க்ரூ டெர்மினலில் இறுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அழுத்தத்தில் ஈயம் மெதுவாக நகர்ந்து கொடுக்கும். இன்று இறுக்கமாக இருப்பது சில மாதத்தில் தளரும், சூடாகும், கருகும். முள் மாதிரி இருக்கும் பின் லக்கை வைத்து கிரிம்ப் செய்யுங்கள், அதாவது கருவியால் அழுத்தி நசுக்குங்கள், பிறகு ஒரு முறை இழுத்துப் பாருங்கள். அதிர்வு உள்ள இடம் என்றால் ஸ்பிரிங் டெர்மினல் இன்னும் நல்லது. வாகோ என்ற ஜெர்மன் கம்பெனி 1977லேயே கூண்டு மாதிரி ஸ்பிரிங் வைத்த டெர்மினலைக் கொண்டுவந்துவிட்டது. அவர்களுடைய ஆரஞ்சு நெம்புகோல் வைத்த சின்ன கனெக்டரை மாணவர்கள் புராஜெக்ட்டுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். 11 மி.மீ. உரித்து, நெம்பைத் தூக்கி, செருகி, மூடினால் முடிந்தது. உடல் கண்ணாடி மாதிரி இருப்பதால் ஒயர் உள்ளே முழுதாகப் போயிருக்கிறதா என்றும் தெரியும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் அச்சு அசலாக அதே மாதிரி மலிவான ஒன்றும் எடுத்துக் காட்டுவார்கள். 5 வோல்ட் வேலைக்கு அது பரவாயில்லை, மெயினுக்கு வேண்டாம்.

சரி, எந்தப் பெட்டி? சென்னையில் பெட்டிக்கு எதிரிகள் உப்புக் காற்று, வெயில், மழை, அப்புறம் பல்லி. பல்லி விழும் பலனைப் பஞ்சாங்கத்தில் தலையில் விழுந்தால் இன்னது, தோளில் விழுந்தால் இன்னது என்று போட்டிருக்கிறார்கள். கான்டாக்டர் மேல் விழுந்தால் என்ன பலன் என்று போடவில்லை. நான் பார்த்திருக்கிறேன்: இரண்டு ஃபேஸுக்கு நடுவில் கரிக்கட்டையாக. விரல் நுழையும் ஓட்டை ஏதும் விடாதீர்கள், பயன்படுத்தாத ஓட்டைக்கெல்லாம் மூடி போடுங்கள்.

பெட்டியின் ஐபி எண்ணில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி65 என்றால் தூசி புகாது, குழாயால் பீய்ச்சினாலும் தாங்கும். ஆனால் பெட்டி வாங்கி வந்து நாமே மேல்பக்கம் ஓட்டை போட்டு கேபிளை நுழைத்தால் அந்த 65க்கு அர்த்தமே இல்லை. கேபிள் கீழ்ப்பக்கமாகத்தான், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் வழியாக வர வேண்டும். பெட்டிக்குள் நுழையும் முன் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். காற்றுப் புகாத பெட்டிக்குள்ளும் பகல் சூட்டுக்கும் ராத்திரிக் குளிர்ச்சிக்கும் ஈரம் படியும். அடியில் ஈரத்தை வெளியே விடும் பிரீதர் கிளாண்ட் ஒன்று வைப்பது நல்லது. கடலோரமான பெசன்ட் நகர், எண்ணூர் பக்கம் என்றால் தகரத்தை மறந்துவிட்டு பாலிகார்பனேட் பெட்டிக்குப் போங்கள். தகரப் பெட்டி என்றால் கதவுக்கும் தனியாக எர்த் ஒயர் கொடுக்க மறக்காதீர்கள், கீலை நம்ப முடியாது.

சூடு பற்றி ஒன்று. வீட்டு எம்சிபியின் அளவு 30 டிகிரி வெப்பத்தை வைத்து நிர்ணயித்தது. மே மாதம் மூடிய பெட்டிக்குள் அதைவிட எவ்வளவோ அதிகம் இருக்கும். அதனால் ஜனவரியில் ஒழுங்காக ஓடியது மே மாதம் காரணமில்லாமல் டிரிப் ஆகும். பெட்டியை ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், நேர் வெயிலில் மாட்டாதீர்கள்.

உயரம்: 2015 வெள்ளத்துக்குப் பிறகு தரைத்தள பேனலின் அடிப்பகுதியை ஐந்தடிக்குக் கீழே நான் வைப்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பட்டறைக்குள்ளேயே முழங்கால் தண்ணீர். சுவரில் மாட்டியிருந்தவை தப்பின. தரையில் வைத்திருந்த புதுப் பெட்டிகள் போயின. ஊருக்கு உபதேசம் சொன்னவன் அன்றைக்கு உட்கார்ந்து கான்டாக்டர் காய வைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியைத் திறக்கும் முன் ஐசொலேட்டரை அணைத்துப் பூட்டுங்கள். டெஸ்டர் எரியவில்லை என்பதை நம்பிக் கை வைக்காதீர்கள், மீட்டரில் பாருங்கள். கெபாசிட்டர் இருந்தால் சப்ளை போன பிறகும் அதில் கரண்ட் நிற்கும். கல்லூரி புராஜெக்ட் 24 வோல்ட்டோடு முடிந்தால் நீங்களே செய்யுங்கள். மெயின் இணைப்பை லைசென்ஸ் உள்ள ஒயர்மேனிடம் விடுங்கள்.

கடைசியாக 3டி பிரிண்டர். மாதிரி பார்க்க, ஓட்டைகள் சரியான இடத்தில் வருகின்றனவா என்று சோதிக்க, சென்சாருக்குக் கிளிப் செய்ய அருமையான கருவி. நானே பக்கத்துப் பட்டறைப் பையனிடம் அடித்து வாங்குகிறேன். ஆனால் மெயின் கரண்ட் உள்ள பெட்டிக்கு வேண்டாம். பிரிண்டரில் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் ஏறக்குறைய 60 டிகிரியிலேயே இளகும், தீப்பிடித்தால் எரியும். கடைப் பெட்டிகளில் தீ பரவாத பிளாஸ்டிக் என்று தனியாகச் சோதித்துத் தருகிறார்கள். போன சித்திரையில் டைமர் மாட்ட பிஎல்ஏவில் ஒரு தாங்கி அடித்து வாங்கி, பூந்தமல்லி சைட்டுக்கு எடுத்துப்போக கார் டேஷ்போர்டில் வைத்திருந்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், நனைந்த அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது.