செஃபலூ போகிறவர்கள் கேட்டவை

இத்தாலியின் சிசிலித் தீவின் வடகரையில் உள்ள கடலோர ஊரான செஃபலூவுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன்.

சிசிலியின் தலைநகர் பலெர்மோவில் தங்கி ஒரே நாளில் போய் வரலாமா?

வரலாம். ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஆனால் பகல் கூட்டம் மாலை ரயில் பிடித்துக் கிளம்பிய பிறகுதான் அது ஊர் மாதிரி இருக்கும். ஓர் இரவாவது தங்குங்கள். காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் நடைமேடை மெஷினில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். கையில் டிக்கெட் இருந்தும் அபராதம் கட்டியவன் சொல்கிறேன்.

கடற்கரைக்குக் காசு உண்டா? குழந்தைகளை இறக்கலாமா?

குடையும் சாய்வு நாற்காலியும் வரிசையாகப் போட்டிருக்கும் இடங்களுக்கு வாடகை உண்டு. நடுநடுவே 'ஸ்பியாஜ்ஜா லீபெரா' என்ற பலகை இருந்தால் இலவசம், துண்டை விரித்துக்கொள்ளலாம். நல்ல மணல், ஆழமும் மெல்லத்தான் கூடும். சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் மட்டும் பெரியவர்களும் இறங்க வேண்டாம்.

கடலை விட்டுவிட்டு சர்ச்சுக்குள் போக அப்படி என்ன இருக்கிறது?

கடலை விட வேண்டியதில்லை, ஐந்து நிமிட நடைதான். ஊர்ப் பேராலயம் அது; சிசிலியை ஆண்ட இரண்டாம் ரோஜர் என்ற நார்மன் அரசர் 1131-இல் கட்டத் தொடங்கியது. புயலில் சிக்கி இந்தக் கரையில் உயிர்தப்பியதற்கு நேர்த்திக்கடன் என்று ஊரில் கதை சொல்வார்கள். உள்ளே போனதும் பீடத்துக்கு மேலே குவிந்த சுவரைப் பாருங்கள். தங்கப் பின்னணியில் பிரம்மாண்டமான கிறிஸ்து, பைசாந்திய (கிழக்கு ரோமானிய) கைவினைஞர்கள் சிறு சில்லுகளால் பதித்த மொசைக் படம். அங்கேயே 1148 என்று ஆண்டும் பொறித்திருக்கிறது. கையில் விரித்த புத்தகத்தில் 'நானே உலகின் ஒளி' என்ற வரி ஒரு பக்கம் கிரேக்கத்தில், மறுபக்கம் லத்தீனில். வெளிச்சுவரில் பின்னிய வளைவுகளோ அரபுச் சாயல். 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள்.

தன்னை இங்கேதான் புதைக்க வேண்டும் என்று ரோஜர் இரண்டு கல்பெட்டிகள்கூடச் செய்து வைத்தார். கடைசியில் அவரைப் புதைத்தது பலெர்மோவில். பிறகு பேரன் இரண்டாம் ஃப்ரெட்ரிக் அந்தப் பெட்டிகளையும் அங்கேயே கொண்டுபோய்விட்டார். பாவம் ரோஜர்!

நீச்சல் உடையோடு போகாதீர்கள். தோளை மூட ஒரு துப்பட்டா போதும்.

அம்மாவுக்கு மூட்டுவலி. ஊருக்குப் பின்னால் நிற்கும் பாறை ஏறுவாரா?

லா ரொக்காவைச் சொல்கிறீர்கள். 270 மீட்டர், தேய்ந்து வழுக்கும் கற்கள். வேண்டாம். நீங்கள் காலை வெயிலுக்கு முன் ஏறிவிட்டு வாருங்கள். அம்மாவைப் பழைய ஊருக்குள் இருக்கும் இடைக்காலச் சலவைத்துறைக்குக் கூட்டிப் போங்கள். சில படிகள் இறங்கினால் சிங்கமுகக் குழாய்களிலிருந்து கல்தொட்டிகளில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே குளுகுளுவென்று இருக்கும்.

சைவம் கிடைக்குமா?

பாஸ்தா அல்லா நோர்மா கேளுங்கள்: கத்தரிக்காய், தக்காளி, மேலே உப்பிட்ட ரிகோட்டா பாலாடைக்கட்டி. அரான்சினா என்ற சோற்று உருண்டையில் மட்டும் கவனம். 'புர்ரோ', அதாவது வெண்ணெய், என்று எழுதியிருப்பதற்குள்ளும் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும்.

எங்களுக்கு லீவே ஆகஸ்டில்தான்…

ஜூனும் செப்டம்பரும்தான் நல்லது. சரி, வேறு வழியில்லை என்றால் ஆகஸ்ட் 6 அங்கே இருக்கும்படி பாருங்கள். ஊர்த் திருவிழா. நம்மூர் வழுக்குமரத்தைக் கடலுக்கு மேல் படுக்கவைத்தது போல, சோப்பு தடவிய நீண்ட மரத்தில் இளைஞர்கள் நுனிவரை போய்க் கொடியைப் பறிக்கப் பார்ப்பார்கள். முக்கால்வாசிப் பேர் பாதியிலேயே தண்ணீரில்தான்.