ஐந்து பேர் பயன்படுத்தும் டேலியைக் கிளவுடுக்கு மாற்றினால் என்ன பயன்?

தலைமை அலுவலகக் கணினியில் டேலி கணக்கு மென்பொருள், வெளியூரில் இரண்டு கிளைகள், மொத்தம் ஐந்து பேர் என்று கேட்டிருக்கிறீர்கள். செலவு குறையும் என்று நம்பி கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே பயன்படுத்தும் வாடகை சர்வருக்கு, மாறாதீர்கள். சர்வர் வாடகையும் உரிமங்களும் சேர்ந்தால் கூடத்தான் வரும். மாறுவதற்கான காரணம் வேறு.

வவுச்சர் (கணக்குப் பதிவு) போடும்போது கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டால் டேட்டா கெட்டுப்போகலாம். கிளவுடில் டேலி ஓடுவது சர்வரில். உங்கள் மேசையில் தெரிவது ரிமோட் டெஸ்க்டாப் வழியே வரும் அதன் திரை மட்டுமே. கரண்ட் போனால் இணைப்புதான் அறுபடும். திரும்ப உள்ளே போனால், பாதியில் விட்ட வவுச்சர் அப்படியே நிற்கும். கிளைகளும் அன்றன்றைய ஸ்டாக்கை அதே கணக்கில் பார்க்கலாம்.

இதற்கு டேலியும் டேட்டாவும் ஒரே சர்வரில் இருக்க வேண்டும். டேட்டா ஃபோல்டரை மட்டும் கூகுள் டிரைவில் போட்டுவிட்டு எல்லோரும் தத்தம் கணினியிலிருந்து திறப்பது கிளவுட் ஆகாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் ஒருவர் பதிவை இன்னொருவர் பதிவு அழிக்கும், கோப்பும் கெடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மாற்றும்போது முதலில் பேக்கப் எடுத்து, பழைய கணினியில் டேலி லைசென்ஸை சரண்டர் செய்து (விடுவித்து), புதிய சர்வரில் ஆக்டிவேட் செய்யுங்கள். பலர் சேர்ந்து வேலை செய்ய கோல்டு லைசென்ஸ் வேண்டும், சில்வர் போதாது. விண்டோஸ் சர்வரில் நிர்வாகப் பணிக்கென இரண்டு ரிமோட் இணைப்புகளே உண்டு. அதற்கு மேல் ஆர்டிஎஸ் (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்) லைசென்ஸ் தனியாக வாங்க வேண்டும். 120 நாள் சலுகைக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக ஓடுவதால் பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். அது முடிந்ததும் ஊழியர்கள் வழக்கம்போல் உள்ளே போக முடியாது.

ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்கவே கூடாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழையும் முக்கிய வழிகளில் அதுவும் ஒன்று. உங்கள் ஆட்கள் மட்டும் நுழையும் பாதுகாப்பான தனி இணைப்பான விபிஎன் போடுங்கள்.

பிரைவேட் லிமிடெட் என்றால், 2022 ஆகஸ்டில் திருத்திய விதிப்படி கணக்கின் பேக்கப் இந்தியாவிலுள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஸூருக்குச் சென்னையிலும், அமேசானின் ஏடபிள்யூஎஸ்ஸுக்கு மும்பை, ஹைதராபாத்திலும் தரவு மையங்கள் உண்டு.

சர்வரை நாள் முழுக்க ஓட்டினால் மாதத்துக்குச் சுமார் 730 மணி நேரம். தினம் 10 மணி, 26 நாள் மட்டும் ஓட்டினால் 260 மணிதான், மணிக்கணக்குத் திட்டத்தில் சர்வர் வாடகை அந்த அளவுக்குக் குறையும். டிஸ்க் கட்டணம் மட்டும் குறையாது. அஸூரில் விண்டோஸுக்குள்ளிருந்து ஷட் டவுன் கொடுத்தால் மீட்டர் நிற்காது. போர்ட்டலில் போய் ஸ்டாப் கொடுத்து, 'டீஅலொகேட்டட்' (சர்வர் விடுவிக்கப்பட்டது) என்று வந்திருக்கிறதா என்று பாருங்கள்.