வாசற்படியில் பீடி, உள்ளே குழந்தை

கேள்வி: வியாசர்பாடியில் ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட வாடகை வீட்டில் வசிக்கிறோம். ஒன்றரை வயது மகனுக்கு மழைக்காலம் தொடங்கியதிலிருந்து மூன்று முறை சளியோடு இளைப்பு வந்துவிட்டது. மாமனார் வாசற்படியில் அமர்ந்துதான் பீடி பிடிக்கிறார். அப்போது மின்விசிறியையும் போட்டுவிடுகிறோம். “எண்ணூர், மணலி ஆலைப் புகையைச் சுவாசித்து வளரும் பிள்ளைக்கு என் ஒரு பீடியா கெடுதல்?” என்று கேட்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: உங்கள் மாமனார் சொல்வதில் பாதி உண்மை. ஆலைகளும் கன்டெய்னர் லாரிகளும் நிறைந்த வடசென்னையின் காற்று குழந்தைகளின் நுரையீரலுக்கு உகந்தது என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். ஆனால், வெளிக்காற்றால் ஏற்கெனவே எரிச்சலடைந்திருக்கும் மூச்சுக்குழாய்க்குப் பீடிப் புகை கூடுதல் சுமை என்பதே அதிலிருந்து பெற வேண்டிய முடிவு. மேலும், ஆலைப் புகை வெட்டவெளியில் கலந்து நீர்த்து வருகிறது. பீடிப் புகையோ குழந்தைக்குச் சில அடி தூரத்திலேயே பிறக்கிறது.

ஒன்றரை வயதுக் குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகலானது. அதன் உட்சுவர் சிறிது வீங்கினாலும் சளி அடைத்து இளைப்பு வந்துவிடும். அந்த வயதில் மூச்சும் பெரியவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக நடக்கும். புகைப்பவர் இழுத்து விடும் புகையோடு, இழுப்புக்கு இடையில் பீடியின் நுனி கனன்று வெளிவிடும் புகையும் அறைக்குள் வருகிறது. வீட்டில் புகை சூழ வளரும் குழந்தைகளுக்கு நிமோனியா, காதில் சீழ் பிடித்தல், ஆஸ்துமா தீவிரமடைதல் ஆகியவை கூடுதலாக வருவது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி.

மின்விசிறி புகையை வெளியேற்றுவதில்லை. அறை முழுவதும் சமமாகப் பரப்புகிறது. வாசற்படியும் வெளியிடம் ஆகாது, ஏனெனில் காற்று திரும்பினால் அந்தப் புகை உள்ளேதான் வரும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்றும், காற்றோட்டத்தால் இந்தத் தீங்கை முற்றிலும் நீக்க முடியாது என்றும் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006-ஆம் ஆண்டு அறிக்கை தெளிவாகச் சொல்கிறது. (இந்தியாவில் பொது இடங்களில் புகைபிடிக்க 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ள தடை வீட்டுக்குள் வருவதில்லை, இங்கே குடும்பம்தான் விதி வகுக்க வேண்டும்.)

எனவே அவர் தெருமுனை வரை நடந்து சென்று புகைக்கட்டும். திரும்பியதும் சட்டையை மாற்றி, கை முகம் கழுவிய பிறகே பேரனைத் தூக்கட்டும். இது முழுத் தீர்வல்ல, பீடியை விடுவதே தீர்வு. அதற்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். குழந்தைக்குச் சளி இருக்கும் நாட்களில் கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணியும்கூட வேண்டாம்.

மூன்று முறை இளைப்பு வந்திருப்பதால் குழந்தை நல மருத்துவரை அவசியம் பாருங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடத்திற்கு 40 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் அன்றே காட்டுங்கள்; மூச்சிழுக்கையில் விலா எலும்புக்குக் கீழே உள்வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், பால் குடிக்க முடியாமல் துவண்டால், இரவென்றும் பாராமல் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது முடிந்தால் மாமனாரையே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். மருமகள் சொன்னால் குறையாகத் தோன்றும் செய்தியை, பேரனின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தவர் சொன்னால் அவர் காது கொடுத்துக் கேட்க வாய்ப்பு அதிகம்.