தொப்புள் ஹெர்னியா: எத்தனை துளை என்பதைவிட எவ்வளவு பெரிய ஓட்டை என்று கேளுங்கள்

தொப்புள் குடலிறக்கம் (ஹெர்னியா), அதாவது தொப்புள் பகுதியில் வயிற்றுச் சுவரில் உள்ள ஓட்டை வழியாக உள்ளிருப்பது வெளியே துருத்துவது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை தனியாக எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

எனக்கு 41 வயது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தொப்புள் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. படுத்தால் உள்ளே போய்விடும், வலி இல்லை. ஸ்கேனில் 1.2 செ.மீ. என்று வந்தது. ஒரு டாக்டர் லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்வது) என்கிறார், இன்னொருவர் திறந்தே செய்துவிடலாம் என்கிறார். யார் சொல்வது சரி?

முதலில் அந்த 1.2 எதன் அளவு என்று பாருங்கள். வெளியே தெரியும் வீக்கத்தின் அளவு வேறு, வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டையின் அளவு வேறு. எலுமிச்சம்பழம் அளவு துருத்தியிருக்கும், கீழே ஓட்டை சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். சிகிச்சையை முடிவு செய்வது ஓட்டைதான்.

உங்களுக்கு ஓட்டையே 1.2 செ.மீ. என்றால், நான் இரண்டாவது டாக்டர் பக்கம். தொப்புளின் அடி மடிப்பில் சிறிய வெட்டு போட்டு, தசைக்கும் வயிற்று உள்ஜவ்வுக்கும் நடுவே பிளாஸ்டிக் இழையால் ஆன ஒரு சின்ன வலையை வைத்து மூடிவிடலாம். வலை குடலைத் தொடாது. தழும்பு மடிப்புக்குள்ளேயே மறைந்துவிடும். முழு மயக்கம்கூடப் பலருக்குத் தேவைப்படாது.

லேப்ராஸ்கோப்பியில் வழக்கமாக மூன்று துளைகள்: ஒன்று 10 மி.மீ., மற்ற இரண்டும் 5 மி.மீ. கூட்டிப் பாருங்கள், 2 செ.மீ. வந்துவிடுகிறது. ஒரு சின்ன ஓட்டைக்காக முழு மயக்கம் கொடுத்து, வயிற்றுக்குள் போய், விலை அதிகமான வலையையும் வைப்பதில் உங்களுக்குப் பெரிய லாபம் இல்லை.

அப்படியானால் லேப்ராஸ்கோப்பி யாருக்கு? ஓட்டை 4 செ.மீ.க்கு மேல் போனவர்கள், ஏற்கெனவே ஆபரேஷன் செய்து மறுபடி வந்தவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டைகள் இருப்பவர்கள், முக்கியமாக உடல் பருமனானவர்கள். பருமனான வயிற்றைத் திறந்தால் கொழுப்பு அடுக்கில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு அதிகம், துளை வழியாகச் செய்தால் அது கணிசமாகக் குறைகிறது. நடு வயிற்றின் இரண்டு தசைப் பட்டைகளும் விலகியிருந்தால் கணக்கு மறுபடி மாறும். பிரசவமானவர்களுக்கு இது சகஜம் என்பதால் உங்கள் டாக்டரிடம் இதையும் கேட்டுவிடுங்கள்.

லேப்ராஸ்கோப்பியில் உள்ளே அப்படி என்னதான் செய்கிறீர்கள்? கணவருக்கு அடுத்த வாரம் ஆபரேஷன்.

இடுப்புக்கு மேலே, பெரும்பாலும் இடது பக்கவாட்டில் துளை போடுவோம். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை நிரப்பினால் வயிற்றுச் சுவர் கூடாரம்போல மேலே எழும்பும், கீழே குடல் தனியாகக் கிடக்கும். கேமராவை மேல்நோக்கித் திருப்பினால் தொப்புள் ஓட்டை உள்பக்கமிருந்து தெரியும். பெரும்பாலும் அதற்குள் குடல் இருக்காது. குடலைப் போர்த்தியிருக்கும் மஞ்சள் கொழுப்புத் திரைதான் நுழைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். உதவியாளர் வெளியிலிருந்து தொப்புளை விரலால் அழுத்த, நாங்கள் உள்ளிருந்து அதை மெதுவாகப் பிரித்து இறக்குவோம். இந்த இடத்தில் அவசரம் கூடாது. இழுத்துப் பிய்த்தால் ரத்தக் கசிவு, ஒட்டியிருப்பது குடலாக இருந்தால் கிழிசல்.

அடுத்து ஓட்டையைத் தையல் போட்டு மூடிவிட்டு, அதன்மேல் வலை. ஓட்டையைத் தாண்டி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. வலை இருக்க வேண்டும் என்பது கணக்கு. 3 செ.மீ. ஓட்டைக்கு 13 செ.மீ. அகல வலை! கிழிந்த பையில் ஒட்டுப்போடும் தையல்காரர் கிழிசலைவிடப் பெரிதாகத் துணி வெட்டுவாரே, அதே காரணம்தான். வலையைப் பாய்போலச் சுருட்டி 10 மி.மீ. துளை வழியாக உள்ளே விட்டு, விரித்து, ஆணி போன்ற சின்னப் பிடிப்பான்களாலும் தையலாலும் சுவரில் பதிப்போம்.

இந்த வலைக்கு இரண்டு முகம் உண்டு. சொரசொரப்பான முகம் தசையோடு ஒட்டிக்கொள்ள, வழவழப்பான முகம் குடல் ஒட்டாமலிருக்க. திருப்பி வைத்தால் வம்பு. அதனால் சுருட்டும் முன்பே மேல் முகத்தில் பேனாவால் குறி போட்டுக்கொள்வது என் வழக்கம். இருபது வருடம் ஆகியும் விடவில்லை.

வலையைக் குடல் பக்கம் விடாமல், வயிற்றுச் சுவரின் அடுக்குகளுக்கு நடுவிலேயே வைக்கும் முறைகளும் லேப்ராஸ்கோப்பியில் வந்துவிட்டன. அதற்குச் சாதாரண வலையே போதும். ஆனால் கற்றுத் தேற நாளாகும் முறை. டாக்டரிடம் 'இதை நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா?' என்று தயங்காமல் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

கணவரிடம் இன்னொன்றையும் சொல்லி வையுங்கள். ஆபரேஷன் முடிந்த அன்றோ மறுநாளோ தோள்பட்டை வலிக்கலாம். மாரடைப்போ என்று பயந்துவிடுவார்கள். மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) உறுத்த, அதே நரம்புத் தொடர்பால் தோளில் வலி தெரிகிறது. எழுந்து நடந்தால் ஓரிரு நாளில் போய்விடும். நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் சேர்ந்து வந்தால் மட்டும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

'லேசர் முறையில் ஹெர்னியா ஆபரேஷன்' என்று போர்டு பார்த்தேன். லேப்ராஸ்கோப்பியைவிட அது நல்லதா?

ஓட்டையை மூடுவதில் லேசருக்கு வேலையே இல்லை. தையலும் வலையும்தான் மூடும். பேச்சுவழக்கில் லேப்ராஸ்கோப்பியையே பலர் லேசர் என்று சொல்லிவிடுகிறார்கள், போர்டுகளும் அதைத் திருத்துவதில்லை.

என் பேத்திக்கு 8 மாதம். அழும்போது தொப்புள் பலூன் மாதிரி வீங்குகிறது. ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக் கட்டினால் சரியாகும் என்று எங்கள் அம்மா காலத்தில் செய்வோம். மருமகள் விட மாட்டேன் என்கிறாள்.

மருமகள் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. குழந்தைகளுக்கு இந்த ஓட்டை பெரும்பாலும் 4, 5 வயதுக்குள் தானாகவே மூடிவிடும். நாணயம் கட்டிய குழந்தைகளுக்குச் சரியானது உண்மை, கட்டாத குழந்தைகளுக்கும் அதேபோலச் சரியானதே! பேர் மட்டும் நாணயத்துக்குப் போய்விட்டது. கட்டினால் வியர்வை தேங்கித் தோல் புண்ணாகும், பிளாஸ்திரி ஒவ்வாமை வரும். அழுவதால் தொப்புள் வெடித்துவிடாது. ஐந்து வயதாகியும் மூடவில்லை, அல்லது ஓட்டை மிகப் பெரிதாக இருக்கிறது என்றால் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். அவர்கள் வெறும் தையலே போடுவார்கள், வலை வைப்பதில்லை.

வலை என்றாலே பயமாக இருக்கிறது. எனக்கு 2 செ.மீ. ஓட்டை. தையல் மட்டும் போட்டால் ஆகாதா? நாளைக்கு எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வந்தால் வலை தடையாகுமா?

தையல் மட்டும் போடும் காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவின் வில்லியம் மேயோ 1901இல் எழுதிய முறையில், ஓட்டையின் இரு ஓரங்களையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றித் தைப்பார்கள். பல பத்தாண்டுகள் அதுவே பாடம். ஆனால் இழுத்துத் தைத்த இடம் ஒவ்வொரு இருமலுக்கும் இழுபடும். 1 முதல் 4 செ.மீ. வரை ஓட்டை உள்ள 300 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2018இல் லான்செட் இதழில் வந்தது. தையல் மட்டும் போட்டவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கு ஹெர்னியா திரும்ப வந்தது, வலை வைத்தவர்களில் 4 பேருக்கு. அதனால் 2 செ.மீ.க்கு வலையே என் யோசனை. 1 செ.மீ.க்கும் குறைவென்றால் தையல் போதுமா என்று பேசலாம்.

எம்ஆர்ஐக்கு வலை தடையில்லை. அது பிளாஸ்டிக் இழை. டைட்டானியம் பிடிப்பான் போட்டிருந்தாலும் பெரும்பாலும் எடுக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள், போதும்.

லாரி ஓட்டுகிறேன், வயது 52, எடை 104 கிலோ. சர்க்கரை இருக்கிறது, பீடி பிடிப்பேன். ஆபரேஷனை மூன்று மாதம் தள்ளிப்போட்டுவிட்டார் டாக்டர். தட்டிக்கழிக்கிறாரா?

இல்லை அண்ணே, உங்கள் பணத்தையும் வயிற்றையும் காப்பாற்றுகிறார். புகை ரத்த ஓட்டத்தைக் குறைத்துப் புண் ஆறுவதைக் கெடுக்கும், இருமலோ தையலைப் பிரிக்கும். குறைந்தது நான்கு வாரமாவது பீடியை அடியோடு விட வேண்டும். மூன்று மாதச் சர்க்கரை சராசரி (HbA1c பரிசோதனை) 8க்குக் கீழே வரட்டும். எடையில் ஐந்தாறு கிலோ குறைந்தாலும் உள்ளே வேலை செய்ய எங்களுக்கு இடம் கிடைக்கும். உங்களைப் போன்றவருக்குத்தான் லேப்ராஸ்கோப்பி உண்மையில் பலன் தரும். முடிந்ததும் நான்கு முதல் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. லாரிக்கு அதற்கேற்ப ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் முடிந்து 15 நாள்தான். அதே இடத்தில் மறுபடி வீங்கியிருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

போன வருடம் ஒருவர் பன்னிரண்டாம் நாள், சட்டையைத் தூக்கிக்கொண்டே என் அறைக்குள் வந்தார். "இதுக்கா இவ்வளவு செலவு பண்ணோம்?" என்றார். இருமச் சொன்னேன். வீக்கம் அசையவில்லை, விரலுக்கு நீர்ப் பை மாதிரி இருந்தது. ஹெர்னியா என்றால் இருமும்போது விரலில் வந்து முட்டும். இது, கொழுப்பு இருந்த காலி இடத்தில் ஊறி நிற்கும் நீர். லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு மிகச் சகஜம். அவருக்கு ஏழெட்டு வாரத்தில் தானாக வற்றியது. ஊசி வைத்து எடுக்கச் சொல்லிக் கெஞ்சாதீர்கள், சுத்தமான நீருக்குள் கிருமியை விடுவதாக ஆகிவிடும். சிவந்தாலோ, சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே போங்கள். எதற்கும் ஒருமுறை உங்கள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்த வருடம் இன்னொரு குழந்தை வேண்டும் என்றிருக்கிறோம். முன்பே செய்துகொள்ளலாமா?

தொந்தரவு இல்லாவிட்டால் குழந்தை பிறக்கட்டும். கர்ப்பத்தில் வயிறு விரிவது பழுதுபார்த்த இடத்தை மறுபடி சோதிக்கும். பிரசவமாகி ஆறு மாதமாவது போன பிறகு செய்துகொள்ளலாம்.

அப்பாவுக்குக் கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. தொப்புள் தோல் கண்ணாடிபோல மெலிந்துவிட்டது.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். தோல் கிழிந்து நீர் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. அதேசமயம் நீரைக் கட்டுப்படுத்தாமல் ஆபரேஷன் செய்தால் தையல் நிற்காது. கல்லீரல் மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து பார்க்கும் பெரிய மருத்துவமனைக்கு இந்த வாரமே கூட்டிப் போங்கள்.

எப்போது அவசரம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் போக மறுத்தால், கெட்டியாகித் தொட்டாலே வலித்தால், தோல் சிவந்தோ கருநீலமாகவோ மாறினால், கூடவே வாந்தி வந்தால், காற்றும் மலமும் பிரியாமல் நின்றால் குடல் மாட்டி நெரிகிறது என்று பொருள். எண்ணெய் தேய்த்து அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். செத்துப்போன குடலை வயிற்றுக்குள் தள்ளிவிட்டால் இன்னும் மோசம். காலைவரை காத்திருக்காதீர்கள். காபி, தண்ணீர்கூடக் கொடுக்காமல், அறுவை அரங்கு உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே கூட்டிப் போங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மயக்க மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.